கை தூக்கினால் வரும் சிறுத்தை

எங்கள் பூங்காவுக்கு வரும் கூட்டத்துக்கு நான் தினமும் ஒரு வித்தை காட்டுவேன். மாலை ஐந்து மணிக்குச் சிறுத்தை அடைப்பின் முன்னால் போய் நிற்பேன். தொண்டையைச் செருமிக்கொள்வேன். வலது கையை மெதுவாகத் தலைக்கு மேலே தூக்குவேன். அவ்வளவுதான். பாறை மேல் படுத்திருக்கும் கிழட்டுச் சிறுத்தை எழுந்து, முதுகை ஒரு தரம் வளைத்து நிமிர்த்தி, சம்பந்தி வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த பெரியம்மா மாதிரி யாரையும் பார்க்காமல் நடந்து இரவுக் கூண்டுக்குள் போய்விடும். கோயம்புத்தூரிலிருந்து வந்த குடும்பங்கள் கை தட்டும்.

"ஏனுங்க, ஊட்டுல பசங்களுக்கும் இப்படிக் கையைத் தூக்குனா கேக்குமுங்களா?" என்று ஒரு அம்மா கேட்டார்.

"கேக்காதுங்க. எம்பட ஊட்டுலயும் தூக்கிப் பாத்தாச்சு" என்றேன். அதற்கும் ஒரு கைதட்டல் கிடைத்தது.

ஆறு வருடம் இந்த வித்தையைக் காட்டினேன். கூட்டம் நம்பியது பெரிதில்லை. நானே நம்பினேன், அதுதான் விஷயம்.

ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவே ஒரு பள்ளத்தில் இருந்தது அந்தப் பூங்கா. மான்கள், முள்ளம்பன்றிகள், குரங்குகள், சில காட்டுக்கோழிகள், ஒரே ஒரு சிறுத்தை. அவ்வளவையும் கவனிக்க ஐந்து பேர். அந்த ஐந்து பேருக்கும் தலைவன் நான். என் அறைக் கதவில் 'மூத்த பராமரிப்பாளர்' என்று பலகை இருந்தது. பலகை புதியது, கதவு பழையது, உள்ளே இருந்த ஸ்வெட்டர் அதைவிடப் பழையது.

கொழுந்து விலை விழுந்து கிடந்த வருடங்கள் அவை. பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று பல தோட்டங்களில் செடியை அப்படியே விட்டுவிட்டார்கள். இடுப்பளவு இருக்க வேண்டிய தேயிலைச் செடி ஆள் உயரம் வளர்ந்து, பூப் பூத்து, காய் காய்த்து, தான் ஒரு மரம் என்பது ஞாபகம் வந்ததுபோல் நின்றது. தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களில் பாதி வீடு பூட்டு. மூட்டை முடிச்சோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்கு இறங்கியவர்களை முதல் பஸ்ஸில் பார்க்கலாம். இறங்காதவர்கள் கிடைத்த வேலைக்குப் போனார்கள். அப்படி இரண்டு பேர் என்னிடம் வந்து சேர்ந்தார்கள்.

ஒருவர், எதிர்ச் சரிவில் இருந்த தேயிலை ஆலையில் இருபத்திரண்டு வருடம் எஞ்சின் அறையில் இருந்தவர். ஆலைச் சங்கு அவர் பொறுப்பு. ஆள் குறைப்பு என்று அவரை வெளியே அனுப்பி ஒரு வருடம் ஆகியிருந்தது. எங்களிடம் வந்த பிறகும் எதிர்ச் சரிவிலிருந்து சங்கு கேட்கும்போதெல்லாம் நின்று காது கொடுப்பார். "பாதியில விடறானுங்க. கொஞ்சம் நின்னு எறங்கோணும்" என்று புதிதாக ஊதுகிறவனைக் குறை சொல்வார். அவரை எல்லோரும் சங்குக்காரர் என்றே கூப்பிட்டோம்.

இன்னொருவர் சிலோன் அக்கா. இலங்கைத் தோட்டத்தில் பிறந்து, சின்ன வயதில் கப்பல் ஏறி இங்கே வந்து, இருபது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். முள்ளம்பன்றி ஒன்றைக் காட்டி இதைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டபோது, "கங்காணியவே பாத்துக்கிட்டவ, இது என்னா தம்பி" என்றார். அன்றே வேலை கொடுத்துவிட்டேன்.

இவர்களுக்காகவே காலைக் கூட்டத்தைத் தோட்ட முறைக்கு மாற்றினேன். தோட்டத்தில் விடிந்ததும் ஆட்களை வரிசையாக நிறுத்தி, பேர் கூப்பிட்டு, இன்னாருக்கு இன்ன வேலை என்று பிரிப்பதைப் பெரட்டு என்பார்கள். நாங்களும் மான் கொட்டகைக்கு முன்னால் பெரட்டு வைத்தோம். ஐந்தே பேர். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே, "வந்துட்டேன்" என்று சொல்லிக்கொள்வோம். மான்களும் ஒரு ஓரமாக வந்து நிற்கும்.

சிறுத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூடலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் பன்றிக்கு வைத்த கம்பிக் கண்ணியில் மாட்டியது அது. இடது முன்காலில் இரண்டு விரல் போய்விட்டது. காட்டில் வேட்டையாட முடியாது என்று எங்களிடம் விட்டார்கள். அன்றிலிருந்து கதவு, கம்பி, கயிறு எதைக் கண்டாலும் அதற்குச் சந்தேகம். எல்லாம் நேற்றுப் போலவே இருந்தால்தான் கதவைத் தாண்டும். வாளியை நான்கடி தள்ளி வைத்திருந்தால் உட்கார்ந்துவிடும். பசித்தாலும் சரி. கறி வாசனை மூக்கில் இடித்தாலும் சரி.

போன குளிர்காலத்தில் அதற்கு நுரையீரலில் சளி கட்டி, பிழைத்ததே பெரும்பாடு. எங்கள் கால்நடை டாக்டரம்மா அப்போதே சொல்லிவிட்டார்: "உறைபனி விழற ராத்திரி ஒண்ணே ஒண்ணு இது வெளிய படுத்தாப் போதும். இந்த நெஞ்சு தாங்காது." அதனால் இரவுக் கூண்டில் வைக்கோல் மெத்தை, சுவரில் சூடு தரும் விளக்கு, எல்லாம் இருந்தது. சிறுத்தை உள்ளே வர வேண்டும். அது ஒன்றுதான் தேவை. அதற்குத்தான் என் கை இருந்ததே.

கார்த்திகை பிறந்து மழை விட்டிருந்த ஒரு மாலை. பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். கடிகாரத்தைப் பார்த்தேன். செருமினேன். கையைத் தூக்கினேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

கையைக் கொஞ்சம் ஆட்டினேன். இடது கையையும் தூக்கினேன். "பஸ்ஸை நிறுத்தறாரா?" என்று பின்னால் யாரோ கேட்டார்கள். அப்போதுதான் பார்த்தேன், பாறை காலியாக இருந்தது. மரக்கட்டையின் மேலும் இல்லை. தண்ணீர்த் தொட்டிப் பக்கமும் இல்லை.

எங்கள் சுவர் இரண்டாள் உயரம். அதற்கு மேல் உள்பக்கமாக வளைந்த கம்பிவலை. முழுக் கால் உள்ள சிறுத்தையாலேயே தாண்ட முடியாது. அந்தக் கணக்கெல்லாம் போட்டு அனுமதி வாங்கியவன் நான்தான். ஆனால் அந்த நிமிடம் என் மூளையில் ஒரே வாக்கியம்தான் ஓடியது: 'தாண்டிருச்சு.'

மிருகம் தப்பினால் என்ன செய்வது என்று சிவப்பு மையில் நானே எழுதி ஒட்டிய விதிகள் இருந்தன. முதல் விதி, பதறாதே. இரண்டாவது, பார்வையாளர்களைச் சீட்டுக் கொடுக்கும் அறைக்குள் அனுப்பு. மூன்றாவது, பூட்டக்கூடிய ஏதாவது ஒரு அறைக்குள் போ. முதல் விதிக்கு நேரம் இல்லை. "அக்கா! எல்லாரையும் ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போங்க!" என்று கத்தினேன். இரண்டாவது விதி முடிந்தது. மூன்றாவது விதியை நான் நிறைவேற்றிய வேகத்தைப் பார்த்திருந்தால் எனக்கு ஓட்டப்பந்தயத்தில் பரிசு கொடுத்திருப்பார்கள்.

பக்கத்தில் இருந்த பூட்டக்கூடிய அறை, ஆளில்லாத இரண்டாவது கூண்டு. உள்ளே புகுந்தேன். கம்பிக்கு வெளியே கையை விட்டுப் பூட்டை மாட்டி அழுத்தினேன். சாவியைப் பையில் போடப் போனேன். கை தவறி, சாவி கம்பிக்கு வெளியே விழுந்து, சிமெண்டுத் தரையில் இரண்டு குதி குதித்து எட்டாத இடத்தில் போய் நின்றது.

விசிலை எடுத்து ஊதினேன். மூச்சு வரவில்லை, விசில் நீராவி மட்டும் விட்டது.

கூண்டுக்கு அந்தப் பக்கம், அடைப்பைப் பார்த்த மாதிரி தடித்த வலை போட்ட ஒரு சன்னல் உண்டு. அங்கே ஏதோ உரசுகிற சத்தம் கேட்டது. திரும்பினேன். சிறுத்தை. சன்னலுக்கு நேர்கீழே சுவரோரம் இத்தனை நேரமும் படுத்திருந்திருக்கிறது. எழுந்து வந்து வலை வழியாக என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்த்தேன். அதன் முகத்தில் இருந்தது கோபமில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அதை எப்படிப் பார்க்குமோ, அப்படி என்னைப் பார்த்தது.

சிலோன் அக்கா வந்து நின்றார். என்னையும் பார்த்தார், அதையும் பார்த்தார்.

"தம்பி, அவ வெளியத்தான் இருக்கா. நீங்க என்னாத்துக்கு உள்ள இருக்கீங்க?"

"அக்கா, சாவியை எடுத்துக் குடுங்க."

"இருங்க, கொஞ்சம் கறி போடட்டா?"

சீட்டறைச் சன்னலில் பதினைந்து முகம். ஒருவர் போட்டோ எடுத்தார். அந்தப் படம் கோயம்புத்தூரில் ஏதோ ஒரு வீட்டு ஆல்பத்தில் இன்றைக்கும் இருக்கும்.

அக்கா பூட்டைத் திறக்கும்போதுதான் சங்குக்காரர் வந்தார். அவர் சிரிக்கவில்லை. கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு எதிர்ச் சரிவைப் பார்த்தார்.

"மணி அஞ்சேகால் ஆச்சுங்க. சங்கு ஊதலீங்க" என்றார்.

அவர் சொன்ன பிறகுதான் எங்களுக்கும் உறைத்தது. எதிர்ச் சரிவில் ஆலைக் கூரை தெரிந்தது. புகை இல்லை. அவர் யாரிடமும் சொல்லாமல் இறங்கி நடந்தார். போய்ப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்தார். ஒரே வார்த்தை சொன்னார்.

"பூட்டு புதுசுங்க."

அன்று சிறுத்தை உள்ளே வரவில்லை. கதவைத் தூக்கி வைத்துக்கொண்டு இருட்டும்வரை நின்றோம். காலையில் போய்ப் பார்த்தேன். பாறை முழுக்கப் பனி ஈரம். நடுவில் மட்டும் சிறுத்தை படுத்த அளவுக்குக் காய்ந்த ஒரு வட்டம் இருந்தது.

இரண்டாம் நாளும் அதே கதைதான். நான் தோள் வலிக்கும்வரை கையைத் தூக்கினேன். "ஏனுங்க, தோளுக்கு என்ன ஆச்சு?" என்று வீட்டுக்காரி தைலம் தேய்த்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னேன். "அதென்ன உங்க கைக்கு வருதா? எம்பட பசங்களே வரதில்ல" என்றாள்.

மூன்றாம் நாள் காலையில் சிறுத்தை இருமியது. கிழவர்கள் இருமுவதுபோலச் சின்னதாக, தொண்டைக்குள்ளேயே. டாக்டரம்மா வந்து தூரத்திலிருந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"மயக்க ஊசி போட்டு உள்ள தூக்கிப் போட்ரலாங்களா?" என்று கேட்டேன்.

"இந்த நெஞ்சோட மயக்கம் குடுத்தா முழிக்கும்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார். வானத்தைப் பார்த்தார். "மேகம் இருக்கற வரைக்கும் பயமில்ல. வானம் வெளுத்து, காத்து நின்னுச்சுன்னா அன்னிக்கு ராத்திரியே உறைபனிதான். அஞ்சாறு நாளுக்குள்ள வந்துரும். அதுக்குள்ள இது உள்ள வரணும்."

பாறைக்கு அடியில் வைக்கோலும் சாக்கும் திணித்தோம். அது அந்தப் பக்கமே போகவில்லை.

அன்றைய பெரட்டில் பேச்சு சிறுத்தையைப் பற்றித்தான். சிலோன் அக்காதான் ஆரம்பித்தார்.

"அவளும் நம்மளப்போலத்தான தம்பி. சங்குக்குப் பழகுனவ. சங்கு இல்லாம எப்பிடி வீட்டுக்குப் போவா?"

எனக்குச் சுருக்கென்றது. "அக்கா, ஆறு வருசமா அது என் கைக்குத்தான் வருது."

"ஆமா ஆமா" என்றார் அக்கா. சங்குக்காரர் தன் கால் கட்டை விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள் மத்தியானம் சங்குக்காரர் ஒரு சாக்குப் பொட்டலத்தோடு வந்தார். பிரித்தால், கைப்பிடி வைத்த ஒரு சின்னச் சங்கு. சுற்றினால் ஊளையிடும் வகை.

"ஆலையில தீ புடிச்சா சுத்தறதுங்க. காவக்காரர்கிட்டக் கேட்டு வாங்கியாந்தேன். இனி தீ புடிக்கறதுக்கு அங்க என்ன இருக்குது?"

ஐந்து மணிக்குச் சுற்றினார். ஆலைச் சங்குக்கும் இதற்கும் அப்பன் குரலுக்கும் மகன் குரலுக்கும் உள்ள வித்தியாசம்தான். அடியில் தொடங்கி, ஏறி, உச்சியில் நின்று, மெதுவாக இறங்கியது. அவருக்குப் பிடித்த மாதிரியே பாதியில் விடாமல் இறங்கியது. எனக்குப் பக்கத்தில் நின்றிருந்த சிலோன் அக்காவின் இரண்டு கையும் தானாகத் தலைக்குப் போனது, நெற்றியில் மாட்டியிருக்கும் கூடைக் கயிற்றை இறக்க. அங்கே கூடையும் இல்லை, கயிறும் இல்லை. கையைக் கீழே விட்டு, "பாத்தீங்களா தம்பி கூத்த" என்று சிரித்தார்.

நான் பழக்க தோஷத்தில் கையைத் தூக்கியிருந்தேன். சிறுத்தை எழுந்தது, முதுகை வளைத்தது, நடந்தது, உள்ளே போனது. கதவு இறங்கியது. நான் சங்குக்காரரைக் கட்டிப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினேன். ஐம்பத்தைந்து வயது மனிதர், பாவம், மூச்சுத் திணறிப்போனார்.

ஒரு முக்கால் மணி நேரம் அந்தச் சந்தோஷம் இருந்தது.

பிறகு வாசல் பக்கம் பேச்சுக் குரல் கேட்டது. போய்ப் பார்த்தோம். எதிர்ச் சரிவு லயத்து ஆட்கள். பதினைந்து பேர் இருக்கும், பெரும்பாலும் பெண்கள். ஒரு அம்மா கொழுந்துக் கூடையையே கொண்டுவந்திருந்தார். இன்னொருத்தி முழுங்கையில் மாவோடு அப்படியே வந்திருந்தாள். சங்குச் சத்தம் கேட்டதும் ஆலை வாசலுக்கு ஓடியிருக்கிறார்கள். அங்கே பூட்டு. சத்தம் பூங்காப் பக்கமிருந்து வந்தது என்று காவக்காரர் சொல்லியிருக்கிறார்.

கூடை வைத்திருந்த அம்மா சங்குக்காரரைக் கண்டதும் முகம் மலர்ந்தார். "அண்ணே, நீங்களா ஊதுனது! நாளைக்குப் பெரட்டு உண்டாண்ணே? பேரு குடுக்கணுமா?"

இருபத்திரண்டு வருடம் அவர்களை எழுப்பியவர், அனுப்பியவர், அழைத்தவர். என்னைப் பார்த்தார். இப்படிப்பட்ட நேரத்தில் எனக்கு வாயில் வருவது ஒன்றுதான். தமாஷ்.

"சிறுத்தைக்கு மட்டுந்தானுங்க இப்ப வேலை" என்றேன்.

சொல்லி முடிப்பதற்குள்ளேயே நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு முறையாகச் சொன்னேன், சிறுத்தையின் நெஞ்சு, பனி, கதவு, சங்கு எல்லாவற்றையும். கேட்டுக்கொண்டார்கள். கூடைக்கார அம்மா கடைசியில், "அதுக்காவது ஊதுறதுக்கு ஆளு இருக்கு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் காதில் இருக்கிறது. வந்த வழியே ஏறிப் போனார்கள். மாவுக் கைக்காரி மட்டும் திரும்பி நின்று, சிறுத்தை எந்தப் பக்கம் என்று கேட்டு எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

சங்குக்காரர் குந்தி உட்கார்ந்து சங்கைத் துணியால் துடைத்தார்.

"தம்பி, இதை இனிமே முழுசா சுத்த மாட்டேனுங்க."

"சுத்த வேண்டாங்ண்ணா. எனக்கும் மனசு வல்ல. ஆனா நாளைக்கு அது எப்படி உள்ள வரும்?"

"அதுக்கு முழுச் சங்கு வேண்டியதில்லீங்க" என்றார். "சங்கு மொதல்ல அடியில ஒரு உறுமல் உறுமும். அப்புறந்தான் ஏறும். இது அந்த உறுமல்லயே எந்திரிச்சிருமுங்க. ஏறி முடிக்கறப்ப பாதி தூரம் நடந்திருக்கும். நீங்க கையைத் தூக்கறது அதுக்கும் கொஞ்சம் பின்னாடி."

நான் அவரையே பார்த்தேன். "இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"சேந்த மொத நாளே பாத்தனுங்க."

"ஒரு வருசமாவா? ஏங்ண்ணா சொல்லல?"

"நீங்க சந்தோசமா இருந்தீங்க" என்றார்.

ஆறு வருடத்துக் கைதட்டலையும் ஒரே வாக்கியத்தில் பறிகொடுத்துவிட்டு, வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் கையை ஸ்வெட்டர் பையிலேயே வைத்திருந்தேன்.

மறுநாள் காலை எழுந்ததும் வாசலுக்கு ஓடினேன். வானத்தில் ஒரு துணுக்கு மேகம் இல்லை. நீலம் என்றால் அப்படி ஒரு நீலம். சுற்றுலாக் கூட்டம் "என்ன அழகு, என்ன அழகு" என்றது. மத்தியானத்துக்கு மேல் காற்றும் நின்றது. கற்பூர மரங்கள் இலை அசையாமல் நின்றன. டாக்டரம்மா மூன்று மணிக்கே ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார்: இன்று இரவு.

நாலரைக்குப் பார்வையாளர்களை அனுப்பினோம். கூண்டுக்குப் பின்னால் இருக்கும் இடுக்கில் சங்குக்காரர் உட்கார்ந்தார். கைச்சங்கை நான்கு கம்பளியில் பொதிந்து, அதன் மேல் நனைந்த சாக்கைப் போர்த்தி, கைப்பிடி மட்டும் வெளியே வர வைத்திருந்தார். பிறந்த குழந்தையை மலைக்காற்றுக்குப் பொத்தி எடுத்துவந்த மாதிரி இருந்தது. கதவுக் கயிற்றைச் சிலோன் அக்கா பிடித்தார். நான் வழக்கமான இடத்தில் நின்றேன். எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் நின்றேன். நேற்றுப் போலவே இருக்க வேண்டுமே.

ஐந்து மணி. இடுக்கிலிருந்து ஒரு உறுமல் வந்தது. எருமை தூக்கத்தில் முனகுவதுபோல, தரையோடு தரையாக. பத்தடி தாண்டினால் கேட்காது. மிக மெதுவாகச் சுற்றினார். ஏற விடவில்லை.

சிறுத்தையின் காது திரும்பியது.

எழுந்தது. முதுகை வளைத்தது. ஒரு தரம் இருமியது. பாறையிலிருந்து இறங்கி நடந்தது. கதவுக்கு வந்தது. விரல் இல்லாத காலைத் தூக்கியது. அப்படியே நின்றுவிட்டது.

உள்ளே கறி. விளக்கு. வைக்கோல். எல்லாம் அரை அடி தூரம். அது காலை அந்தரத்தில் வைத்துக்கொண்டு நின்றது. சங்குக்காரர் மறுபடியும் உறுமினார். நகரவில்லை. தலையைத் திருப்பி வெளியே பார்த்தது. நான் நிற்கிற திசையில். என் மனதுக்குள் பதற்றம் தன் பழைய நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தது. திரும்பிப் பாறைக்குப் போகப் போகிறது, விடியக்காலை நான் என்ன பார்க்கப் போகிறேன், டாக்டரம்மாவுக்கு என்ன சொல்வேன், என்று இரங்கல் கூட்டம்வரை போய்விட்டேன்.

"தம்பி" என்றார் அக்கா, உதடு அசையாமல். "கை."

"என்ன கை?"

"ஒங்க கைய்யி! பைக்குள்ள வச்சிருக்கீங்க. தூக்குங்க."

அப்போதுதான் உணர்ந்தேன், இரண்டு கையும் ஸ்வெட்டர் பைக்குள் இருந்தன. வெட்கத்தில் நேற்றுப் போனவை, இன்னும் வெளியே வரவில்லை. வலது கையை எடுத்தேன். நூலில் மாட்டிக்கொண்டது. இழுத்தேன். பை கிழிந்தது. தொண்டையைச் செருமினேன், அதுவும் கணக்கில் உண்டோ என்னவோ. கையைத் தலைக்கு மேலே தூக்கினேன்.

சிறுத்தை பார்த்தது. அந்தக் கால் கீழே இறங்கியது, கதவுக்கு உள்பக்கமாக. பிறகு மற்ற கால்கள். பிறகு வால். அக்கா கயிற்றை விட்டார். கதவு இறங்கியது.

இம்முறை யாரையும் கட்டிப்பிடித்துச் சுற்றவில்லை. சங்குக்காரர் இடுக்கிலிருந்து வெளியே வந்து நனைந்த கையைத் துடைத்தார். நான் இன்னும் கையைத் தூக்கியபடியே நின்றிருந்தேனாம். அக்கா வந்து இறக்கிவிட்டார்.

அன்றிலிருந்து உறுமலுக்கு முன்னால் வாளியை மூன்று தரம் தட்டினோம். வாளி, உறுமல், கை. சில நாளில் உறுமலை இன்னும் சிறிதாக்கினோம். மார்கழி முடிவதற்குள் வாளிச் சத்தமே போதும் என்றானது. கைச்சங்கு காவக்காரரிடம் திரும்பிப் போனது. எதிர்ச் சரிவுக்கு அந்தச் சத்தம் மறுபடி கேட்கவே இல்லை. கையை மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்திப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, மற்றவர்களும் சொல்லவில்லை.

அந்த முதல் உறைபனி இரவு விடிந்ததும் நான் பெரட்டுக்கு முன்னாலேயே வந்துவிட்டேன். புல்லெல்லாம் உப்புக் கொட்டியதுபோல் கிடந்தது. தண்ணீர்த் தொட்டியின் மேல் கண்ணாடி பிடித்திருந்தது. கூண்டுக்குள் சிறுத்தை விளக்குக்கு அடியில் சுருண்டு, மூக்கை வாலுக்குள் விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. இருமல் சத்தம் கேட்கிறதா என்று காதைக் கம்பியில் வைத்தேன். கம்பி சில்லென்று ஒட்டிக்கொண்டது.

மற்றவர்கள் வந்தார்கள். "கறிக்குத்தானுங்க போச்சு" என்றார் சங்குக்காரர். "குளிருக்குப் போனா" என்றார் சிலோன் அக்கா. நான் எதுவும் சொல்லவில்லை. "தம்பிக்கு ஒடம்பு சரியில்ல போல" என்றார் அக்கா.

எல்லோரும் அடைப்புக்கு முன்னால் போய் நின்றோம். வெயில் இன்னும் பள்ளத்துக்கு இறங்கவில்லை. பாறை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே வெள்ளை. நடுவில் வட்டம் எதுவும் இல்லை.